ஹரிக்கேன் வருகிறது, கையில் பைக் மட்டும்தான்: ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கணக்கு

நம் ஊர் நெரிசலில் பைக் ஓட்டிக் கைபழகியவர்களுக்கு ஹரிக்கேன் என்றதும் முதலில் தோன்றுவது இதுதான்: கார்கள் நிற்கட்டும், நாம் இடுக்கில் புகுந்து போய்விடலாம். ஃப்ளோரிடாவில் அது செல்லாது. இரண்டு லேன்களுக்கு நடுவே புகுந்து போவது இங்கே சட்டப்படி தப்பு. பக்கத்து ஜார்ஜியாவிலும் அப்படியே. சட்டத்தை விடுங்கள். மணிக்கணக்கில் நகராத கார் வரிசையில் எந்த நிமிடம் எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே குழந்தை அழும், நாய் வாந்தி எடுக்கும், ஓட்டுபவர் காலை நீட்ட இறங்குவார். அந்தக் கதவில் மோதிக் கை உடைந்தால் ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் வரவேண்டும்.

பைக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தனியாள் என்றால் அரை மணியில் கிளம்பிவிடலாம். கார் குடிக்கும் பெட்ரோலில் பாதி போதும். ஊர்ப்புறச் சாலையில் மரம் விழுந்து கிடந்தால் சட்டென்று திரும்பிவிடலாம். ஆனால் இவ்வளவும் சீக்கிரம் கிளம்பினால்தான் பலம். மணிக்கு 60 கி.மீ. காற்றில் கார் முக்கி முனகியாவது ஓடும். 180 கிலோ எடையுள்ள பைக் அதற்கு வெகுமுன்பே லேனை விட்டு நகர ஆரம்பித்துவிடும். ஆக, கார்க்காரரின் கடைசி நேரத்துக்கு அரை நாள் முன்பே பைக்காரரின் கடைசி நேரம் முடிந்துபோகிறது. அதைத் தவறவிட்டவர் பைக்கில் கிளம்பவே கூடாது. கீழே வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்து பிறப்பதுதான்.

எப்போது கிளம்புவது

மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை விடும்: கிழக்கு நேரப்படி அதிகாலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11. கரையோரத்துக்கு எச்சரிக்கை வந்துவிட்டால் இடையிலும் ஒன்று வரும். எல்லோரும் டிவியில் பார்ப்பது அந்த வெள்ளைக் கூம்பு. அது சொல்வது புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான். காற்றும் மழையும் கூம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கான கி.மீ. விரிந்து கிடக்கும். "நம் வீடு கூம்புக்கு வெளியே இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடுவது வருடா வருடம் நடக்கும் தப்பு.

நமக்கு வேண்டியது அதே மையம் வெளியிடும் இன்னொரு வரைபடம்: மணிக்கு 39 மைல், அதாவது 63 கி.மீ. காற்று எந்த ஊருக்கு எப்போது வந்து சேரும் என்பது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெரும்பாலும் வரக்கூடிய நேரம். மற்றது, சீக்கிரமாக வந்தால் எப்போது என்பது. அந்த நேரத்துக்கும் முன்னால் காற்று வந்துவிட பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. பைக்காரர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதை.

கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நீங்கள் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க், வரைபடம் புதன் காலை 8 மணி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். வெளிவட்ட மழைப் பட்டைகள் முதன்மைக் காற்றுக்கு முன்பே வந்து அடிக்கும், அவற்றின் வேகம் திடீரென்று ஏறும். ஆக, செவ்வாய் இரவு 8 மணிக்குள் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். போக நினைப்பது ஒகாலா என்றால் சாதாரண நாளில் இரண்டரை மணி நேர ஓட்டம். வெளியேறும் நாளில் மூன்று மடங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 8 மணி. செவ்வாய் நண்பகல் ஆகிறது. ஒரு பஞ்சர், ஒரு பெட்ரோல் வரிசை, கொஞ்சம் ஓய்வு என்று இன்னும் 6 மணி நேரம் விட்டால் செவ்வாய் காலை விடியும்போது சக்கரம் உருள வேண்டும். அப்படியென்றால் திங்கள் இரவே மூட்டை கட்டியாகிவிட வேண்டும்.

ஹரிக்கேன் வாட்ச் என்பது அந்த 39 மைல் காற்று வருவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பும், வார்னிங் என்பது சுமார் 36 மணி நேரம் முன்பும் வரும். வாட்ச் வந்த அன்றே பைக் தயாராக இருக்கட்டும். வார்னிங் வரும்போது கிளம்பிவிடலாம். கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வெளியேறும் உத்தரவுக்காகக் காத்திருப்பது கார்க்காரருக்குச் சரி. 2022-ல் இயன் புயல் வந்தபோது முதலில் எல்லோருடைய கண்ணும் தாம்பா பக்கம் இருந்தது. பாதை தெற்கே நகர்ந்தது. ஃபோர்ட் மயர்ஸ் இருக்கும் லீ கவுண்டியில் வெளியேறும் உத்தரவு வந்தது புயல் கரை தொடுவதற்கு முந்தைய நாள் காலையில்தான். செப்டம்பர் 28 அன்று கேயோ கோஸ்டாவில் அது கரை ஏறியபோது ஃபோர்ட் மயர்ஸ் பீச்சுக்குள் கடல் வீடுகளின் கூரையைத் தொட்டது. மில்டன் இன்னும் மோசம்: 2024 அக்டோபர் 5-ல் உருவாகி, 7-ல் உச்சமான 5-ஆம் வகைக்கு ஏறி, 9 இரவு சியெஸ்டா கீயில் கரை தொட்டது. முழுதாக ஐந்து நாள்கூட இல்லை.

எங்கே போவது

காற்று என்றால் ஒளிந்துகொள், தண்ணீர் என்றால் ஓடு: ஃப்ளோரிடா அதிகாரிகள் ஆண்டுதோறும் சொல்வது இதைத்தான். புயலில் அதிகம் பேரைக் கொல்வது காற்று அல்ல, தண்ணீர். உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று கவுண்டி தளத்தில் முகவரியைப் போட்டால் தெரியும். ஏ-யில் தொடங்கும், ஏ-தான் முதலில் கிளம்ப வேண்டியது. மொபைல் ஹோம் அல்லது ஆர்.வி.யில் (வீடாகப் பயன்படும் வண்டி) இருப்பவர் எந்த மண்டலமாக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

எவ்வளவு தூரம் என்பதில்தான் பலர் பெட்ரோலைக் கொட்டுகிறார்கள். கடல்நீர் ஏறாத உயரத்தில், கான்கிரீட் சுவர் கொண்ட கட்டிடம் போதும். தாம்பாவிலிருந்து லேக்லாண்ட் 55 கி.மீ.தான். பைக்காரருக்கு 50 முதல் 150 கி.மீ. நல்ல எல்லை. ஒரே டேங்கில், பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும். ஜார்ஜியா எல்லை வரை போவேன் என்று கிளம்பினால் 350 கி.மீ. ஓட வேண்டும், நடுவில் ஒருமுறையாவது பெட்ரோல் கிடைத்தாக வேண்டும், அதுவும் எல்லோரும் தேடும் நாளில்.

தூரமாகப் போனால் பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. 2017-ல் இர்மாவுக்கு மயாமிப் பக்கத்திலிருந்து மேற்குக் கரைக்கு ஓடியவர்கள் பலர். புயல் மேற்கே திரும்பி அவர்கள் பின்னாலேயே வந்தது. 2024 செப்டம்பர் 26-ல் ஹெலீன் ஃப்ளோரிடாவின் பெர்ரி அருகே கரை ஏறியது. அதன் மிகக் கொடிய வெள்ளம் வந்தது எங்கோ வட கரோலினாவின் மேற்கு மலைகளில், ஆஷ்வில் சுற்றுவட்டாரத்தில். ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே ஆற்றோடு போனது. எனவே போகும் திசையைப் புயலின் பாதைக்குக் குறுக்காக வையுங்கள். புயல் போகும் திசையிலேயே முன்னால் ஓடாதீர்கள்.

சாலையைப் பொறுத்தவரை, ஐ-75 இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை எல்லோருக்கும் தெரிந்த வழி, அதனால்தான் அது நிற்கும். ஒர்லாண்டோ பக்கமிருந்து வரும் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை வைல்ட்வுட்டில் ஐ-75-ஐச் சேருமிடம் நிரந்தரக் கழுத்து நெரிப்பு. தாம்பாவிலிருந்து வடக்கே போக யுஎஸ்-301 டேட் சிட்டி, புஷ்னெல் வழியாகப் போகும். யுஎஸ்-41 புரூக்ஸ்வில், இன்வெர்னெஸ், டனெலன் வழியாகப் போகும். சிக்னல்கள் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் பம்ப் உண்டு, வண்டி நின்றால் ஒதுங்க நிழல் உண்டு, திரும்ப வழி உண்டு. இன்டர்ஸ்டேட்டில் அடுத்த எக்ஸிட் வரை எதுவும் இல்லை. 150 சிசி அல்லது அதற்கும் குறைந்த ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் ஏறவே அனுமதி இல்லை. அவர்களுக்கு இந்தச் சாலைகள்தான் கதி.

அவசர நேரத்தில் ஐ-75, ஐ-4 போன்றவற்றில் ஷோல்டரையும் (சாலையோர ஒதுக்குப் பட்டை) ஒரு லேனாகத் திறந்துவிடுவார்கள். பலகையில் அறிவித்தால்தான் ஏறலாம். ஏறலாம் என்றாலும் பைக்குக்கு அது நல்ல இடமில்லை. லாரி டயர் கிழிசல், கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் ஒதுங்கும் இடமே அது. ஓரத்தில் வெட்டிய அதிர்வுப் பள்ளங்கள் வேறு. நடு லேன் மெதுவாகப் போனாலும் அதிலேயே இருப்பது மேல்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் பினெல்லஸ் போன்ற தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் பாலம்தான் பூட்டு. காற்று நிலையாக மணிக்கு 40 மைலை எட்டும்போது சன்ஷைன் ஸ்கைவேயை மூடிவிடுவார்கள். கப்பல் போக 180 அடி இடம் விட்டுக் கட்டிய பாலம்; கீழே தென்றலாக இருப்பது மேலே தள்ளும் காற்றாக இருக்கும். மூடும்வரை பைக்கில் போகலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். தெற்குக் கடைசித் தீவான கீ வெஸ்டில் இருந்தால் கதை இன்னும் சுருக்கம்: யுஎஸ்-1 ஒன்றே வழி, 42 பாலங்கள், நிலப்பரப்பைத் தொட ஏறக்குறைய 200 கி.மீ. அங்கே சுற்றுலாப் பயணிகளை முதலில் வெளியேற்றி, உள்ளூர்க்காரர்களைப் பிறகுதான் கிளம்பச் சொல்வார்கள். பைக் மட்டும் இருப்பவர் முதல் அலையோடு போய்விடுவது நல்லது.

பெட்ரோல்

2005-ல் ரீட்டா புயலுக்கு ஹூஸ்டன் காலியானபோது நடந்ததைத் தெரிந்துகொண்டால் இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். கத்ரீனாவின் அழிவைப் பார்த்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நாலைந்து மணி நேரத்து டல்லாஸ் பயணம் பலருக்கு 20 மணி நேரத்தைத் தாண்டியது. ஏசியை அணைத்து ஓட்டினார்கள், பெட்ரோல் தீர்ந்து ஓரத்தில் நின்றார்கள், வெயிலில் செத்தார்கள். வெளியேறும்போது இறந்தவர்கள் நூறு பேர் அளவில்; அவர்களில் 23 பேர் டல்லாஸ் அருகே தீப்பிடித்த ஒரு முதியோர் பேருந்தில் இருந்தவர்கள். புயல் நேரடியாகக் கொன்றவர்கள் அதைவிட மிகக் குறைவு. மில்டனின் போது ஃப்ளோரிடா முழுவதிலும் சுமார் கால்வாசி பம்புகள் வறண்டன. தாம்பா பக்கம் அதைவிட அதிகம்.

உங்கள் டேங்கின் கொள்ளளவை லிட்டரில் தெரிந்து வையுங்கள். ஹோண்டா ரெபெல் 500-க்கு 11.2 லிட்டர். நிஞ்ஜா 400-க்கு 14. சிபி500எக்ஸ் என்றால் 17.7. ரெபெல் லிட்டருக்கு 25 கி.மீ. கொடுத்தால் 280 கி.மீ. என்று கணக்கு வரும். ஊர்ந்து போகும் நாளில் அதில் கால்வாசியைத் தள்ளிவிடுங்கள். அடியில் தங்கும் ஒரு லிட்டரையும் எண்ணாதீர்கள். ஏறக்குறைய 190 கி.மீ. மிஞ்சும். அதுதான் நம்பத்தக்க தூரம்.

வாட்ச் வருவதற்கு முன்பே டேங்கை நிரப்பி விடுங்கள். அதன்பின் வீட்டுக்கு அருகில் ஓட்டாதீர்கள். வழியில் பாதி காலியானதும் கிடைத்த இடத்தில் ஊற்றுங்கள், விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள். கையிருப்பாக ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், போதும். அதற்கென்றே செய்த கேனில், பின் ரேக்கில் திருகிப் பூட்டும் வகையில் இருக்கட்டும். பேக்பேக்கில் பெட்ரோல் கொண்டுபோவது தற்கொலை. கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள், பைக்மேல் வைத்து அல்ல. நிலைமின் பொறி பறக்கும். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், செப்டம்பர் வெயிலில் விரியும். வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைப்பதென்றால் எத்தனால் கலக்காத 90 ஆக்டேன் நல்லது. படகுகளுக்காக ஃப்ளோரிடாவில் பல பம்புகளில் விற்கிறார்கள். உங்கள் பைக் கையேடு அந்த ஆக்டேனை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு நோட்டுகளாகப் பணம் வையுங்கள். மின்சாரம் போனால் கார்டு இயந்திரம் போகும். ஜெனரேட்டர் வைத்த பம்பில் மீதிச் சில்லறை கிடைக்காது.

வண்டி

இந்த ஓட்டத்தில் பைக்கைச் சாய்ப்பது வேகம் அல்ல. மணிக்கு 5 கி.மீ.யில் மணிக்கணக்காக ஊர்வதுதான்.

காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம்தான் மின்விசிறி. நிற்கும்போது எண்ணெய் கொதித்து மெலியும், கியர் நியூட்ரலுக்கு வர மறுக்கும், கிளட்ச் பிடித்தாலும் வண்டி இழுக்கும். சில ஹார்லிகளில் சூடு ஏறினால் பின் சிலிண்டர் தானே அடங்கிவிடும். அது பழுதல்ல, பயந்து ஷோல்டரில் நிறுத்த வேண்டாம். நீரில் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். சாவியை ஆனில் வைத்து எஞ்சினை மட்டும் அணைத்தால் சிறிய பேட்டரியை ஃபேன் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் சாவியோடு அணையுங்கள். முன்னால் பெரிய இடைவெளி விட்டு, அது சேர்ந்ததும் ஒரே ஓட்டமாக உருட்டுங்கள். அரை கிளட்ச்சிலேயே நகர்வதுதான் பிளேட்டைத் தேய்த்துக் கேபிளை நீட்டுகிறது.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை: கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு (ஃப்ரீ ப்ளே), லீவர் முனைக்கருகில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்பது, எஞ்சின் ஆயில் மேல் கோட்டருகே, கூலன்ட் டப்பா, செயின் தொய்வு கையேடு சொல்லும் அளவில். டயர் காற்றைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, செயின் கார்டு அல்லது ஸ்விங்ஆர்மில் ஒட்டிய அளவுக்கு அடியுங்கள். இருவர் போகும் அளவு தனியாக இருந்தால் அது. டயர் பட்டனின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மழையில் தண்ணீர்மேல் மிதக்கும். ஹரிக்கேன் காலம் தொடங்கும் ஜூனிலேயே மாற்றிவிட வேண்டிய விஷயம் அது. புயல் வாரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் பிளக் கிட்டோடு பேட்டரியில் மாட்டும் சிறிய கம்ப்ரசர் எடுங்கள். 16 கிராம் கேஸ் குப்பிகளை மட்டும் நம்பினால் பின் டயருக்கு மூன்று நான்கு தீரும், அப்போதும் முழுக்காற்று ஏறாது. ட்யூப் உள்ள சக்கரத்துக்குச் சாலையோரத்தில் டயரைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாதவர்கள் ஒரு முறை வீட்டில் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஸ்பேர் கிளட்ச் கேபிள், ஃபியூஸ், ஸிப் டை, இன்சுலேஷன் டேப், கையுறை. போதும்.

சுமையைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள். பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் கட்டிய ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கும். காற்றில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். மேலே தார்ப்பாய் போர்த்திக் கட்டினால் அது பாய்மரம்தான். இருபக்கமும் தொங்கும் மென்மையான பை, டேங்க் பை, கொக்கியில்லாத பட்டை வார். கொக்கி வைத்த ரப்பர் கயிறு அறுந்தால் போகுமிடம் செயின் அல்லது உங்கள் கண்.

பையில் என்ன? ஒருவர்தான் என்றாலும் 3 லிட்டர் தண்ணீர், உப்புச் சத்துப் பொடி, மூன்று நாள் மருந்து, பவர் பேங்க், தலை விளக்கு, சாக்கு போல் சுருட்டும் மழைச் சட்டை. பாஸ்போர்ட், மாணவர் விசாவுக்கான ஐ-20 அல்லது குடியேற்றத் துறையின் ஒப்புதல் தாளான ஐ-797, கிரீன் கார்டு, வண்டி டைட்டில் (உரிமைப் பத்திரம்), வாடகை ஒப்பந்தம் ஆகியவை இரண்டு ஸிப் கவருக்குள், உடம்போடு. பைக் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். விசாத் தாள் நனைந்தால் அலைச்சல் மாதக்கணக்கில். முகவரி தெரியும் அடையாளமும் வையுங்கள், திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் கேட்பார்கள். காப்பீடு லயபிலிட்டி (மற்றவருக்கு ஆகும் சேதத்தை மட்டும் தாங்கும் வகை) மட்டும் என்றால் வெள்ளத்தில் போன பைக்குக்கு ஒரு காசும் வராது. வாட்ச் வந்தபின் நிறுவனங்கள் புதிதாகச் சேர்க்க மாட்டா. அதுவும் ஜூன் வேலை.

சிறு குழந்தை, வயதானவர், பூனை நாய் இருந்தால் பைக் கணக்கில் இல்லை. தாம்பாவிலோ ஹூஸ்டனிலோ தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலி சீட் உள்ள கார் கட்டாயம் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். கவுண்டிப் பேருந்துகளும் புகலிடத்துக்கு இலவசமாக ஓடும்.

வெயில், பிறகு காற்று

புயலுக்கு முந்தைய நாள் பெரும்பாலும் நல்ல வெயிலாக இருக்கும். 32, 33 டிகிரி, கூடவே ஈரப்பதம். கால்களுக்கு நடுவே எஞ்சின், உடம்பில் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், கீழே தார்ச்சாலை. ஈரப்பதத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்பு குளிராது. தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டாலும் வண்டி நகர்ந்தால்தான் பயன். ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். வலைத்துணி ஜாக்கெட்டாக இருந்தால் கழற்றத் தேவையில்லை. அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். வியர்ப்பது நின்று, தலை கிறுகிறுத்து, இடதுகை கிளட்ச்சைத் தவறவிட்டால் உடனே ஏசி உள்ள ஏதாவது கடைக்குள் போய் உட்கார்ந்து 911-ஐ அழையுங்கள். இன்டர்ஸ்டேட்டைவிட ஊர்ச்சாலை நல்லது என்றதற்கு இதுவே முதல் காரணம்.

வரிசை சட்டென்று நிற்கும்போது பின்னால் வருபவர் ஃபோனில் வானிலை வரைபடம் பார்த்துக்கொண்டிருப்பார். லேனின் ஒரு பக்கமாக நின்று, முதல் கியரிலேயே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். பின்னால் இரண்டு கார்கள் முழுதாக நின்றபிறகு நியூட்ரல்.

வானத்தில் வெளிவட்டப் பட்டை தெரிந்தால் அது ஐந்து நிமிடத்தில் சாய்க்கும் மழை, கூடவே குத்துக்காற்று. காற்றின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. பக்கக் காற்றில் தோள்களை இறுக்காதீர்கள். முழங்காலால் டேங்கைப் பிடித்து, ஹேண்டிலைத் தளரப் பிடித்து, காற்று வரும் பக்கம் லேசாகச் சாயுங்கள். லேனின் நடுவிலிருந்து சற்றே காற்று வரும் பக்கமாக ஓட்டினால் தள்ளப்பட இடம் இருக்கும். வேகத்தை 70, 80 கி.மீ.க்குக் குறைத்தால் தள்ளலும் குறையும். லாரியைக் கடக்கும்போது அதன் நிழலில் காற்று அறுந்து, தலைப்பக்கம் வந்ததும் ஒரே அறையாக அறையும். சாய்ந்திருந்தவர் அந்த அரை நொடியில் லாரிப் பக்கமே விழுவார். கடக்காதீர்கள்.

நிலையான காற்று மணிக்கு 25 மைல், குத்து 40 மைல் என்பதே 200 கிலோவுக்குட்பட்ட பைக்குக்கு என் எல்லை. மரக்கிளைகள் முழுதாக ஆடி, சாலையில் இலையோடு சிறு குச்சிகளும் ஓட ஆரம்பித்தால் அந்த அளவு வந்துவிட்டது. நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது? மேம்பாலத்தின் அடியில் அல்ல. அங்கே காற்று குவிந்து வேகம் கூடும், பின்னால் வரும் கார் உங்களைப் பார்க்காது. பெட்ரோல் பம்பின் உயரக் கூரையின் அடியிலும் அல்ல. காற்றில் முதலில் சரிவது அதுதான். ஹோட்டல் லாபி, மருத்துவமனை, பள்ளி, கான்கிரீட் கார் பார்க்கிங். மில்டன் கரை தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே, சுமார் 200 கி.மீ. தள்ளிக் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் லூசி கவுண்டியில், அதன் வெளிப்பட்டை கிளப்பிய டொர்னாடோவில் ஆறு பேர் இறந்தார்கள். அன்று ஒரே நாளில் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோ எச்சரிக்கைகள். ஃபோனில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைத்திருந்தால் இப்போதே போடுங்கள். ஹெல்மெட்டுக்குள் காதில் விழாது, அதனால் அதிர்வு உணரும் பாக்கெட்டில் வையுங்கள். மேப்பைச் சிக்னல் இருக்கும்போதே தரவிறக்குங்கள். நனைந்த திரை விரலுக்கு அடங்காது. போகும் திருப்பங்களை ஒரு தாளில் எழுதி டேங்க் பையின் கவரில் செருகுவது பழைய முறைதான், ஆனால் நனையாது.

நிறுத்தி வைப்பது, திரும்புவது

பைக்கை விட்டுப் போவதாக முடிவானால் பல அடுக்குப் பார்க்கிங்கின் இரண்டாம் மூன்றாம் தளம் நல்லது. மொட்டைத் தளமும் தரைத்தளமும் வேண்டாம். சுவருக்கோ தூணுக்கோ அருகில், முதல் கியரில், முன் பிரேக் லீவரை ஒரு வாரால் கட்டி, ராட்செட் பட்டையால் தூணோடு இழுத்துக் கட்டுங்கள். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் என்பதால் காற்று வலமிருந்து வந்தால் ஸ்டாண்டு தாங்கும், இடமிருந்து வந்தால் சாய்த்துவிடும். கவர் போடாதீர்கள், அதுதான் காற்றைப் பிடித்து வண்டியைப் புரட்டும்.

உப்புநீரில் மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, ஆயிலையும் டேங்கையும் வடித்து, நல்ல தண்ணீரில் முழுதாகக் கழுவி, அதன்பின்தான் மற்றது. ஆயில் பால் நிறத்தில் வந்தால் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள மின்சார பைக் உப்புநீரில் நனைந்திருந்தால் வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். இயன் புயலுக்குப் பிறகு உப்புநீரில் நனைந்த மின்சாரக் கார்கள் பல நாள் கழித்தும் தீப்பிடித்தன.

திரும்பும் சாலைதான் டயர்களின் எமன். பிய்ந்துபோன கூரைகளின் ஆணிகள் வாரக்கணக்கில் சாலையில் கிடக்கும். ஹெலீன் குவித்துப்போன வீட்டுச் சாமான் குப்பை பினெல்லஸ் தெருவோரங்களில் இருக்கும்போதே மில்டன் வந்தது. அதனால் முதல் நாளே கிளம்பாமல், முதன்மைச் சாலைகளைப் பெருக்கும்வரை பொறுத்து, கார்கள் போய்த் தேய்ந்த சக்கரத் தடத்தில் ஓட்டுங்கள். சிக்னல் அணைந்திருந்தால் சட்டப்படி நான்கு பக்கமும் நின்று செல்லும் சந்திப்பு அது. கார்க்காரர்களில் பாதிப் பேருக்கு அது நினைவிருக்காது, கண்ணைப் பார்த்துவிட்டு நகருங்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் பைக்கை இறக்காதீர்கள், கீழே சாலை இருக்கிறதா என்றே தெரியாது. அறுந்த மின்கம்பிக்குப் பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அது ஈரத்தில் கிடந்தால் இன்னும் தள்ளி.

வீடு சேர்ந்ததும் இரண்டு டயரையும் கையால் சுற்றி ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துவிடுங்கள். ஆணி இருந்தாலும் உடனே காற்று இறங்காது, மறுநாள் நெடுஞ்சாலையில்தான் இறங்கும். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, செயின் எண்ணெய் அடித்து, பிரேக் காலிப்பரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலோரக் காற்றில் ஒரு நாள் நின்ற வண்டியிலும் உப்பு உட்கார்ந்திருக்கும்.